நிழலைத் தேடிய மருத்துவர்

மனித உடலில் சிறுநீரகங்கள் இரண்டும் முதுகெலும்பின் இருபுறமும், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, ஆழத்தில் மறைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அளவுதான். ஆனால், அவை ஒரு நாளில் செய்யும் வேலை வியப்பூட்டும். ஏறத்தாழ 180 லிட்டர் நீரை அவை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை மீண்டும் உடலுக்கே கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. அந்தச் சிறுநீர், 25 சென்டிமீட்டர் அளவு நீளமுள்ள மெல்லிய குழாய்கள் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு வந்து சேர்கிறது. இந்தப் பாதையில் எங்கேனும் ஒரு சிறு கல் அடைத்துக்கொண்டால், அந்த வலியைத் தாங்குவது கடினம்.

1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மானிய அறிவியலாளர் வில்ஹெல்ம் ரோண்ட்ஜென் ஊடுகதிரைக் கண்டுபிடித்தார். உடலைக் கிழிக்காமலேயே உள்ளே இருக்கும் எலும்புகளைப் படமெடுக்க முடிந்தது. மருத்துவ உலகம் மகிழ்ந்தது. ஆயினும், சிறுநீரக மருத்துவர்களின் மகிழ்ச்சி அரைகுறையாகவே இருந்தது. எலும்பில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அதனால் அது கதிரைத் தடுத்து நிறுத்தி, படத்தில் தெளிவாகத் தெரியும். சிறுநீரகமோ மென்மையான தசை போன்றது. சிறுநீர்க்குழாயும் சிறுநீரும் அப்படியே. கதிர் அவற்றை எளிதாகக் கடந்துவிடும். சுண்ணாம்பு கலந்த கற்கள் மட்டும் படத்தில் தெரிந்தன. சிலவகைக் கற்கள் அவ்வாறுகூடத் தெரியவில்லை. கல் தெரிந்தாலும், அது சிறுநீர்ப்பாதைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஏனெனில், பாதையே படத்தில் இல்லை!

இந்தக் குறையைப் போக்க 1906ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஒரு வழி காணப்பட்டது. பிரிட்ஸ் ஃபோல்க்கர், அலெக்சாண்டர் ஃபான் லிச்டென்பெர்க் என்னும் இரு மருத்துவர்கள் அதைச் செய்தார்கள். சிறுநீர்ப்பையின் உள்ளே ஒரு கருவியைச் செலுத்தி, அதன் வழியாக மெல்லிய குழாயைச் சிறுநீரகம் வரை மேல்நோக்கி ஏற்றினார்கள். பிறகு, வெள்ளி கலந்த ஒரு கரைசலை அந்தக் குழாய் வழியாக நிரப்பிப் படமெடுத்தார்கள். வெள்ளி கதிரைத் தடுத்ததால், சிறுநீர்ப்பாதையின் வடிவம் நிழலாக விழுந்தது. வழி பயன்பட்டது உண்மைதான். ஆனால், நோயாளி பட்ட துன்பமும் கொஞ்சமன்று. குழாய் ஏற்றுவது வலி மிகுந்த வேலை. கிருமித்தொற்று ஏற்படும் அபாயமும் இருந்தது. வெள்ளிக் கரைசல் சிறுநீரகத்தைப் பாதித்து உயிரிழப்பில் முடிந்த சம்பவங்களும் உண்டு.

கீழிருந்து மேலே மருந்தை ஏற்றுவதற்குப் பதிலாக, இரத்தத்தில் மருந்தைச் செலுத்தினால் என்ன? சிறுநீரகம் தானாகவே அந்த மருந்தை வடிகட்டிச் சிறுநீரோடு அனுப்பிவிடுமே! இந்த எண்ணத்தைக் கைகூட வைத்தவர்தான் மோசஸ் சுவிக் என்னும் அமெரிக்க மருத்துவர்.

மோசஸ் சுவிக் 1900ஆம் ஆண்டில் பிறந்தார். மருத்துவம் பயின்ற பின்னர், நியூயார்க் நகரில் உள்ள மவுண்ட் சினாய் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். அந்த மருத்துவமனையின் புகழ்பெற்ற மருத்துவரான எமானுவேல் லிப்மனின் பெயரில், இளம் மருத்துவர்கள் வெளிநாடு சென்று ஆராய்வதற்கான ஓர் உதவித்தொகை வழங்கப்பட்டு வந்தது. சுவிக்குக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. அக்காலத்தில் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற நாடு ஜெர்மனி. ஆகவே, 1928ஆம் ஆண்டில் சுவிக் கப்பலேறி ஜெர்மனிக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

ஹாம்பர்க் நகருக்கு அருகில் இருந்த அல்டோனாவில் லியோபோல்ட் லிச்ட்விட்ஸ் என்னும் பேராசிரியரிடம் சுவிக் சேர்ந்தார். லிச்ட்விட்ஸ் அப்போது செலெக்டன் என்னும் புதிய மருந்தைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்துக் கொண்டிருந்தார். அந்த மருந்தின் கதை சுவையானது. பெர்லின் வேளாண்மைக் கல்லூரியில் ஆர்தர் பின்ஸ், குர்ட் ராத் என்னும் இரண்டு வேதியியலாளர்கள் பணியாற்றினார்கள். கிருமிகளைக் கொல்லும் மருந்தைத் தேடி, அவர்கள் பல வேதிப்பொருள்களை உருவாக்கினார்கள். அவற்றுள் அயோடின் சேர்ந்த சில பொருள்கள், பசுக்களின் மடியில் ஏற்படும் நோய்த்தொற்றைக் குணப்படுத்தப் பயன்பட்டன. மாட்டுக்கு உதவிய மருந்து மனிதர்களின் நோய்த்தொற்றுக்கும் உதவுமா என்பதே லிச்ட்விட்ஸின் ஆராய்ச்சி.

அந்த ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த எல்லாருடைய பார்வையும் ஒரே இடத்தில்தான் இருந்தது. மருந்து கிருமியைக் கொல்கிறதா, இல்லையா? சுவிக்கின் மனம் வேறொன்றில் நின்றது. இந்த மருந்தின் எடையில் பாதிக்கும் மேல் அயோடின். அயோடின், சுண்ணாம்புச் சத்தைக் காட்டிலும் எடை மிகுந்த தனிமம். ஊடுகதிரை நன்றாகத் தடுக்கும். மருந்தோ சிறுநீரோடு வெளியேறுகிறது. அப்படியானால், அது வெளியேறும் நேரத்தில் படமெடுத்தால் சிறுநீர்ப்பாதை முழுவதும் நிழலாகத் தெரிய வேண்டுமே! நோயைத் தீர்க்கும் மருந்தாகப் பிறர் பார்த்ததை, நோயைக் காட்டும் மருந்தாக அவர் பார்த்தார்.

இப்படி எண்ணிய முதல் மனிதர் சுவிக் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1923ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் இதற்கான அறிகுறி தென்பட்டது. வேறொரு நோய்க்காகச் சோடியம் அயோடைடு என்னும் உப்பைப் பெற்ற நோயாளிகளின் ஊடுகதிர்ப் படங்களில், சிறுநீர்ப்பை மங்கலாகத் தெரிவதை அங்கிருந்த மருத்துவர்கள் கவனித்தார்கள். ஆனால், தெளிவான படம் கிடைக்க வேண்டுமானால், அந்த உப்பை உடல் தாங்காத அளவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அதனால், அந்த முயற்சி பாதி வழியிலேயே நின்றுவிட்டது. எண்ணம் ஒன்று; அதற்கேற்ற மருந்து மற்றொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் பயன்.

சுவிக் முதலில் விலங்குகளிடமும் பின்னர் நோயாளிகளிடமும் செலெக்டன் வகை மருந்துகளைச் சோதித்தார். படத்தில் நிழல் விழுந்தது! ஆயினும், புதிய சிக்கல் ஒன்று தோன்றியது. மருந்து நீரில் எளிதில் கரையவில்லை. அதைப் பெற்றவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் ஏற்பட்டன. சிலருக்குப் பார்க்கும் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. நோயைக் கண்டறிய வந்தவருக்குப் புதிய துன்பத்தைக் கொடுப்பது எவ்வகையில் நியாயம்? நிழல் கிடைத்துவிட்டது என்று சுவிக் நிறைவடைந்துவிடவில்லை.

மேலும் ஆராய்வதற்கு, சிறுநீரக நோயாளிகள் மிகுதியாக வரும் மருத்துவமனை தேவைப்பட்டது. எனவே, 1929ஆம் ஆண்டில் சுவிக் பெர்லின் நகருக்குச் சென்றார். அங்கே தூய ஹெட்விக் மருத்துவமனையில் பெரிய சிறுநீரகவியல் பிரிவு ஒன்று இருந்தது. அதன் தலைவர் வேறு யாருமல்லர். 1906ஆம் ஆண்டில் வெள்ளிக் கரைசலால் படமெடுத்த அதே லிச்டென்பெர்க்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறுநீர்ப்பாதையைப் படமெடுப்பதிலேயே அனுபவம் பெற்றவர் அவர். ஐரோப்பாவில் அவருக்குப் பெரும் மதிப்பு இருந்தது.

பின்ஸும் ராத்தும் பணியாற்றிய கல்லூரியும் அதே நகரில்தான் இருந்தது. சுவிக் தமக்கு என்ன தேவை என்பதை வேதியியலாளர்களிடம் எடுத்துரைத்தார். அயோடின் வேண்டும், ஆனால், மருந்து நீரில் நன்றாகக் கரைய வேண்டும், உடலுக்குத் தீங்கு குறைவாக இருக்க வேண்டும், சிறுநீரகம் அதை விரைவாக வெளியேற்ற வேண்டும். அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் உருவான பொருள்களுள் ஒன்று இந்தத் தேவைகளுக்குப் பொருந்தி வந்தது. மூலக்கூறின் ஓர் ஓரத்தில் இருந்த சிறு பகுதிக்குப் பதிலாக, அசெட்டிக் அமிலத்தின் சோடியம் உப்பு அதில் சேர்க்கப்பட்டிருந்தது. ஓரத்தில் செய்த இந்தச் சிறு மாற்றம் பெரும் வேறுபாட்டை ஏற்படுத்தியது. அயோடினின் பங்கு சற்றுக் குறைந்து, 42 விழுக்காடு ஆனது. ஆனால், மருந்து நீரில் நன்றாகக் கரைந்தது. முன்பு கண்ட தொல்லைகளும் பெரிதும் குறைந்தன. இந்த மருந்துக்கு யூரோசெலெக்டன் என்று பெயரிட்டார்கள்.

நோயாளியின் கைச் சிரையில் யூரோசெலெக்டன் கரைசல் செலுத்தப்பட்டது. சில நிமிடங்கள் காத்திருந்து படமெடுத்தார்கள். சிறுநீரகத்தின் உள்ளே சிறுநீர் வந்து சேரும் சிறு கிண்ணங்கள், அவை ஒன்றுகூடும் புனல் போன்ற பகுதி, அதிலிருந்து இறங்கும் மெல்லிய குழாய், கீழே சிறுநீர்ப்பை என எல்லாமே படத்தில் வரைந்தாற்போல் தெரிந்தன. குழாய் ஏற்றவில்லை; கருவி நுழைக்கவில்லை; ஓர் ஊசி மட்டுமே போட்டார்கள்.

இந்தப் படத்தில் இன்னொரு சிறப்பும் இருந்தது. ஒருவகையில் பார்த்தால், இதுவே மற்றதைவிடப் பெரிய சிறப்பு. கீழிருந்து மருந்தை ஏற்றினால் பாதையின் வடிவம் மட்டுமே தெரியும். சிறுநீரகம் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் படம் ஒன்றுதான். இரத்தத்தில் மருந்தைச் செலுத்தும்போது அப்படியன்று. சிறுநீரகம் வேலை செய்தால்தான் மருந்து அதற்குள் வந்து சேரும். வலப்பக்கம் விரைவில் நிழல் விழுந்து, இடப்பக்கம் அரைமணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லையென்றால், இடப்பக்கச் சிறுநீரகத்தில் ஏதோ கோளாறு என்று மருத்துவர் அறிந்துகொள்ளலாம். ஒரு சிறுநீரகத்தை அறுவை மூலம் எடுக்க வேண்டிய நிலை வரும்போது, மற்றொன்று நன்றாக இருக்கிறதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது உயிரைக் காக்கும் செய்தியாகும்.

ஆனால், இந்த வெற்றியே சுவிக்குக்கு மனவேதனையையும் கொண்டுவந்தது. அவர் ஆராய்ச்சியில் மூழ்கியிருந்த காலத்தில், பிரிவின் தலைவரான லிச்டென்பெர்க் சொற்பொழிவுப் பயணமாக அமெரிக்காவுக்குச் சென்றிருந்தார். அவர் திரும்பி வந்தபோது கண்டுபிடிப்பு கைகூடியிருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஜெர்மானியச் சிறுநீரகவியல் மருத்துவர்களின் மாநாடு மியூனிக் நகரில் நடைபெறவிருந்தது. இந்தச் செய்தியை யார் பெயரால் உலகுக்கு அறிவிப்பது என்ற கேள்வி எழுந்தது.

லிச்டென்பெர்க்கின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. மருத்துவமனைப் பிரிவு அவருடையது. நோயாளிகள் அவருடைய பொறுப்பில் இருந்தவர்கள். இந்தத் துறைக்கு வித்திட்டவர்களுள் அவரும் ஒருவர். துறைத் தலைவரின் பெயர் முன்னால் நிற்பது அக்கால வழக்கமும்கூட. ஆயினும், எந்த மருந்தை எதற்காகப் பயன்படுத்தலாம் என்று கண்டவரும், அதைச் செய்து காட்டியவரும் வெளிநாட்டிலிருந்து வந்த அந்த இளம் மருத்துவர்தானே! இருவருக்கும் இடையே கருத்து வேறுபாடு முற்றியது. முடிவில், 1929ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு ஜெர்மானிய மருத்துவ இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. முதல் கட்டுரை சுவிக்கின் பெயரில் மட்டும் வந்தது. இரண்டாவது கட்டுரையில் லிச்டென்பெர்க்கின் பெயரும் சுவிக்கின் பெயரும் இருந்தன.

கட்டுரையில் பெயர் இருந்தும், உலகம் நினைவில் வைத்துக்கொண்டது பெரியவரின் பெயரைத்தான். லிச்டென்பெர்க் ஏற்கெனவே புகழ்பெற்றவர். நாடுகள்தோறும் நண்பர்கள் உள்ளவர். சுவிக்கை ஜெர்மனிக்கு வெளியே எவரும் அறியார். புதிய சோதனை விரைவாகப் பரவியது. அமெரிக்காவில் அதே மருந்து ஐயோபாக்ஸ் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. மருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்த வேகத்தில் சுவிக்கின் பெயர் கடக்கவில்லை.

நியூயார்க் திரும்பிய சுவிக், மனக்கசப்போடு ஒதுங்கிவிடவில்லை. மவுண்ட் சினாய் மருத்துவமனையில் சிறுநீரக மருத்துவராகப் பணியாற்றினார். யூரோசெலெக்டனைக் காட்டிலும் நல்ல மருந்தைத் தேடினார். சிறுநீரகம் இயல்பாகவே வெளியேற்றும் பொருள்களுள் ஹிப்பூரிக் அமிலம் ஒன்று. அதனோடு அயோடினைச் சேர்த்தால், சிறுநீரகம் அதை எளிதாக ஏற்றுக்கொள்ளும் அல்லவா? இந்த எண்ணத்தின் விளைவாக உருவான ஹிப்பூரான் என்னும் மருந்தைப் பற்றி 1933ஆம் ஆண்டில் சுவிக் எழுதினார். படமெடுப்பதற்கு அது பெரிதாகப் பயன்பட்டதென்று சொல்ல முடியாது. ஆனால், அதில் அயோடின் பென்சீன் வளையத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. 1950களில் மூன்று அயோடின் அணுக்களைத் தாங்கிய பென்சீன் வளைய மருந்துகள் வந்தபோது, படங்கள் இன்னும் தெளிவாயின. பிற்காலத்தில், கதிரியக்க அயோடின் சேர்க்கப்பட்ட ஹிப்பூரான், சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று அளந்தறியவும் உதவியது.

இதற்கிடையே, ஜெர்மனியில் நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. 1933ஆம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூத இனத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் பதவிகளை இழந்தார்கள். அல்டோனாவில் சுவிக்கை வரவேற்ற லிச்ட்விட்ஸ் வேலையிழந்து, நியூயார்க் வந்து சேர்ந்தார். 1943ஆம் ஆண்டில் காலமானார். யூத வழிவந்த லிச்டென்பெர்க்கும் தாம் வளர்த்த பெர்லின் பிரிவை விட்டுவிட்டு, பிறந்த ஊரான புடாபெஸ்ட் நகருக்குச் சென்றார். அங்கும் நிலைக்க முடியாமல், கடல் கடந்து மெக்சிகோவுக்குப் போனார். 1949ஆம் ஆண்டில் அந்த நாட்டிலேயே அவர் உயிர் பிரிந்தது. எந்த நகரில் யார் பெயர் முன்னால் என்று வாதிட்டார்களோ, அந்த நகரிலேயே அவருக்கு இடமில்லாமல் போயிற்று.

சுவிக் செய்து காட்டிய சோதனை மட்டும் எல்லா நாடுகளிலும் நிலைத்துவிட்டது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள், சிறுநீர்ப்பாதையில் கல், அடைப்பு, கட்டி என எந்த ஐயம் எழுந்தாலும் மருத்துவர்கள் இந்தச் சோதனையைத்தான் முதலில் நாடினார்கள். சோதனைக்கு முந்திய நாள் நோயாளிக்கு வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்து தரப்படும். குடலில் இருக்கும் கழிவும் காற்றும் படத்தை மறைத்துவிடக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. மறுநாள் முதலில் மருந்து இல்லாமல் ஒரு படம் எடுப்பார்கள். பிறகு கையில் ஊசி போடுவார்கள். உடலெங்கும் வெப்பம் பரவுவது போலவும், வாயில் உலோகச் சுவை தோன்றுவது போலவும் சிலர் உணர்வார்கள். அயோடின் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு என்பதால், செவிலியர் அருகிலேயே இருந்து கவனிப்பார். 5 நிமிடம், 10 நிமிடம், 20 நிமிடம் என்று இடைவெளிவிட்டுப் படங்கள் எடுக்கப்படும். சிறுநீர் கழித்த பின்னர் கடைசிப் படம் எடுப்பார்கள். அதில், சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாகிறதா என்பது தெரியும்.

சுவிக்குக்கு உரிய பாராட்டு மிகவும் தாமதமாகவே வந்தது. சிறுநீரக மருத்துவர்கள் சிலர் பழைய கட்டுரைகளைப் புரட்டிப் பார்த்து, நடந்தவற்றை ஒழுங்குபடுத்தி எழுதத் தொடங்கினார்கள். 1965ஆம் ஆண்டில், நியூயார்க் மருத்துவக் கழகம் அவருக்கு வேலண்டைன் பதக்கத்தை வழங்கிச் சிறப்பித்தது. பெர்லினில் அந்தப் படங்களை எடுத்து அப்போது 36 ஆண்டுகள் கடந்திருந்தன. இருபத்தொன்பது வயது இளைஞராகச் செய்த செயலுக்கு அறுபத்தைந்து வயது முதியவராகப் பதக்கம் பெற்றார் சுவிக். அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 1985ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

இன்று பெரும்பாலான மருத்துவமனைகளில் அந்தப் பழைய ஊடுகதிர்ச் சோதனையின் இடத்தைக் கணினி வழி எடுக்கப்படும் குறுக்குவெட்டுப் படங்கள் பிடித்துக்கொண்டன. சில நொடிகளில் உடலின் ஒவ்வோர் அடுக்கையும் அவை காட்டிவிடுகின்றன. ஆனால், அந்தப் படங்களிலும் சிறுநீர்ப்பாதை தெளிவாகத் தெரிய வேண்டுமானால், நோயாளியின் கைச் சிரையில் அயோடின் கலந்த மருந்தையே செலுத்துகிறார்கள். பிறகு, சிறுநீரகம் அதை வடிகட்டி அனுப்பும் வரை சில நிமிடங்கள் காத்திருக்கிறார்கள்.